செல்களை வகை பிரித்த கருவிகள்

உயிருள்ள செல்கள் இரண்டு பெரும் வகைகளில் அடங்கும். உட்கரு இல்லாத புரோகேரியோட்டு செல்கள் ஒரு வகை. உட்கரு உடைய யூகேரியோட்டு செல்கள் மற்றொரு வகை. பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் முதல் வகை. தாவரங்கள், விலங்குகள், பூஞ்சைகள், அமீபா போன்ற ஒருசெல் உயிரிகள் எல்லாம் இரண்டாம் வகை. பாடநூலில் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் இந்தப் பகுப்பு உருவாக முந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தந்தக் காலத்தில் கையில் இருந்த கருவி எதைக் காட்டியதோ, அதை வைத்தே செல்கள் வகை பிரிக்கப்பட்டன.

1665-இல் லண்டனில் வெளியான ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நூலில் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டு ஒன்றைப் பற்றி எழுதினார். கூரிய பேனாக் கத்தியால் தக்கையை மிக மெல்லிய சீவலாகச் சீவி, அது வெளிறியிருந்ததால் கறுப்புத் தட்டின் மேல் வைத்து, தடித்த லென்ஸ் ஒன்றால் அதன்மேல் ஒளியைக் குவித்துப் பார்த்தார். தேன்கூட்டைப் போல அறை அறையாகத் தெரிந்தது. ஒரு கன அங்குலத்தில் நூற்றிருபத்தைந்து கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கிட்டார். செல் என்ற பெயர் அவர் இட்டது. ஆனால் அவர் தக்கையில் கண்டவை உயிர் போன பின் எஞ்சிய செல்சுவர்கள் மட்டுமே.

உயிருள்ள தனிச் செல்களை விரிவாகக் கண்டு எழுதியவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் சென்றவரல்லர்; லத்தீன் அறியாதவர். நூலின் தரம் பார்க்க லென்ஸ் பயன்படுத்துவது அவருடைய தொழிலில் வழக்கம். அவர் செய்த நுண்ணோக்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு சிறிய உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு துளி அளவு லென்ஸ். அதற்கு முன்னால் பொருளைக் குத்தி வைக்க ஓர் ஊசி. ஊசியை நகர்த்தத் திருகாணிகள். கருவியைக் கண்ணோடு ஒட்டினாற்போல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இன்று எஞ்சியிருப்பவற்றில் சிறந்தது ஒரு பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

1674-இல் டெல்ஃப்டுக்கு அருகிலிருந்த ஏரி நீரில் ஒருசெல் உயிரிகளைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய, கீழ்த்திசையிலிருந்து கப்பலில் வந்த மிளகை நீரில் ஊறவைத்தார். 1676-இல் அந்த நீரில் அதுவரை கண்டவற்றைவிட மிகச் சிறிய உயிர்கள் நெளிந்தன. அவை பாக்டீரியாக்கள். லண்டன் ராயல் சொசைட்டியில் பலர் இதை நம்பவில்லை. லீவன்ஹூக் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டி, அவர்களிடம் சான்றுக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக் தாமே மிளகு நீர் தயாரித்துச் சொசைட்டி உறுப்பினர்களுக்குக் காட்டிய பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. இரு வகைச் செல்களும் அன்றே மனிதக் கண்ணில் பட்டுவிட்டன. ஆனால் எல்லாமே குட்டி விலங்குகள் என்றுதான் எழுதப்பட்டன. இரண்டும் வெவ்வேறு வகை என்று அந்த லென்ஸ் காட்டவில்லை. தம் சிறந்த லென்ஸ்களைச் செய்த முறையை லீவன்ஹூக் யாருக்கும் கற்றுத்தரவில்லை. 1723-இல் அவர் இறந்தபோது அந்த நுட்பமும் போயிற்று. அறிவியலுக்கு இது பெரிய இழப்பு.

அன்றைய கூட்டு நுண்ணோக்கிகளில் பொருளைச் சுற்றி வண்ண விளிம்புகள் தோன்றிப் படத்தைக் குழப்பும். இந்தக் குறை பெருமளவு நீங்கியது 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில். 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்கிட் தாவரச் செல்களில் உட்கருவை விவரித்தார். தாவரங்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்று 1838-இல் ஷ்லைடனும், விலங்குகளும் அப்படியே என்று 1839-இல் ஷ்வானும் அறிவித்தனர். ஆனால் புதிய செல்கள் ஒரு திரவத்திலிருந்து படிகம்போல உறைந்து உருவாகின்றன என்று இருவரும் தவறாக நம்பினர். கோழிக் கருவின் இரத்தச் செல்கள் இரண்டாகப் பிரிவதைக் கண்டு இதை மறுத்தவர் பெர்லினின் ராபர்ட் ரேமாக். மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பறவையின் சிவப்பணுவில் உண்டு. அதனால் உட்கரு பிரிவதும் அவர் கண்ணில் பட்டது. எல்லாச் செல்லும் முன்னிருந்த செல்லிலிருந்தே வருகிறது என்ற கூற்று 1855-இல் அதை எழுதிய ருடால்ஃப் விர்ஹோவின் பெயரில் நிலைத்துவிட்டது. ரேமாக்குக்கும் அதில் சம பங்கு தருவதே நியாயம்.

லென்ஸுக்கு அடுத்து உதவியது சாயம். 1884-இல் பெர்லினில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பாக்டீரியாவின் மேல் ஊதாச் சாயமும் அயோடின் கரைசலும் இட்டு ஆல்கஹாலால் கழுவினார். சில பாக்டீரியாக்கள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன, சில வெளுத்துவிட்டன. தடித்த செல்சுவர் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது, மெல்லிய சுவர் விட்டுவிடுகிறது என்ற காரணம் பின்னாளில் தெரியவந்தது. எந்த மருந்து பலிக்கும் என்று முடிவெடுக்க மருத்துவமனை ஆய்வகங்கள் இன்றும் இந்தச் சோதனையைச் செய்கின்றன.

சாதாரண ஒளி நுண்ணோக்கியில் 0.2 மைக்ரானுக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. ஒரு பாக்டீரியாவின் நீளமே இரண்டு மைக்ரான் அளவுதான் என்பதால் அதன் உள்ளமைப்பு புலப்படவில்லை. 1931-இல் ருஸ்காவும் க்னோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவத்தைச் செய்தார்கள். 1945-இல் ஒரு முழுச் செல்லின் எலக்ட்ரான் படம் வெளியானது. அதன்பின் வேறுபாடு தெளிவாயிற்று. யூகேரியோட்டு செல்லில் இரட்டைச் சவ்வு சூழ்ந்த உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, தாவரமானால் பசுங்கணிகம் எனத் தனித்தனி உறுப்புகள் இருந்தன. பாக்டீரியாவிலோ டி.என்.ஏ. உறையின்றிக் கிடந்தது. இரு வகைகளுக்கும் எட்வார்ட் ஷட்டான் 1925-இலேயே பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் பரவலானது 1962-இல் ஸ்டேனியரும் வான் நீலும் எழுதிய கட்டுரைக்குப் பிறகே. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள் என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். அவற்றுள் சொந்த டி.என்.ஏ. இருப்பது அதற்கு வலுவான சான்று.

அடுத்த கருவியில் லென்ஸே இல்லை. இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, எக்ஸ்-ரே படச்சுருளில் அவை விட்ட புள்ளிகளை ஒளிப்பெட்டியில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார். மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தோற்றத்தில் பாக்டீரியா போலவே இருந்தாலும் மரபு வழியில் வேறு கிளை என்று 1977-இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அறிவித்தனர். இன்று ஆர்க்கியா எனப்படுபவை இவை. பலர் ஏற்கத் தயங்கினர். ஆனால் ஆர்க்கியாவின் சவ்வுக் கொழுப்பின் வேதிப்பிணைப்பே பாக்டீரியாவினுடையதிலிருந்து வேறானது. உட்கரு இல்லாமையை மட்டும் வைத்து இரண்டையும் ஒரே கூட்டில் அடைப்பது வசதிக்காகத்தான். உறவு முறையில் ஆர்க்கியா நமக்கே நெருக்கம். 2015-இல் வட அட்லாண்டிக்கின் ஆழ்கடல் வண்டலில் கிடைத்த லோக்கி ஆர்க்கியாவின் மரபணுக்கள் இதை மேலும் உறுதிசெய்தன.

2022-இல் கரீபியன் தீவான குவாதலூப்பின் சதுப்புநிலக் காட்டிலிருந்து ‘தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா’ என்ற பாக்டீரியா அறிவிக்கப்பட்டது. அதன் ஒற்றைச் செல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். வெறும் கண்ணுக்கே தெரியும். அதன் டி.என்.ஏ. சவ்வு சூழ்ந்த சிறு பைகளுக்குள் இருக்கிறது. புரோகேரியோட்டு செல்லில் டி.என்.ஏ.வைச் சவ்வு சூழாது என்று விதிவிலக்கின்றிச் சொல்லும் பாடநூல் வரி திருத்தப்பட வேண்டும்.