வெற்றுத் திரையை நாடி வந்தவர்கள்

கணிப்பொறியை முடுக்கியதும் வண்ணப் படம் தோன்றும். சிறு இசை ஒலிக்கும். எங்கே அழுத்த வேண்டும் என்று பொத்தான்கள் வழிகாட்டும். இதற்கெல்லாம் பழகிய ஒருவர், ஒரு மாலைப் பொழுது முழுவதும் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய இயங்குதளம் ஒன்றைத் தம் கணிப்பொறியில் நிறுவுகிறார். வேலை முடிந்து, பொறியை மீண்டும் முடுக்குகிறார். கருந்திரையின் மேல் மூலையில் இரண்டே வரி எழுத்துகள். பயனர் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு சிறு கோடு கண்சிமிட்டிக் கொண்டிருக்கிறது. படம் இல்லை, பொத்தான் இல்லை. ஆனாலும் அவருக்கு மட்டற்ற மகிழ்ச்சி!

2012-க்கும் 2021-க்கும் இடையே ஆர்ச் லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு வந்த புதியவர்களில் மிகப் பலர் இந்தக் காட்சியைக் கண்டவர்கள். எல்லாம் ஆயத்தமாக உள்ள ஒன்றை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத ஒன்றை இவர்கள் ஏன் தேடி வந்தார்கள்? அவர்கள் சொல்லும் காரணங்கள் பல. அவற்றுள் சில வலுவானவை. சில அவ்வளவு வலுவற்றவை. எடைபோட்டுப் பார்க்க வேண்டுமானால் லினக்ஸின் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1991 ஆகஸ்டு 25 அன்று, ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. செப்டம்பரில் வெளிவந்த முதல் பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளே கொண்டது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் லினக்ஸ் என்று சொல்லிவிடுகிறோம். கண்டிப்பாகப் பார்த்தால் அது உட்கரு மட்டுமே. நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டிலிருந்து தகவலை எடுத்துத் தருவது, எந்த நிரல் எப்போது இயங்கலாம் என்று தீர்மானிப்பது ஆகியவை உட்கருவின் பணிகள். ஆனால் உட்கருவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல், எழுதவும் திருத்தவும் ஒரு நிரல், சாளரங்களை வரைந்து காட்டும் நிரல் என்று நூற்றுக்கணக்கானவை அதனோடு சேர வேண்டும். இவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, நிறுவும் வழியையும் சேர்த்துக் கொடுக்கும் தொகுப்புக்கு 'வழங்கல்' என்று பெயர்.

1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் என்ற அமெரிக்க மாணவர் ஸ்லாக்வேர் என்னும் வழங்கலை வெளியிட்டார். இன்றளவும் பராமரிக்கப்பட்டு வரும் வழங்கல்களில் இதுவே மூத்தது. முதல் பதிப்பு 24 ஃபிளாப்பி தட்டுகளில் அடங்கியது. 1994 அக்டோபரில் வந்த 2.1 பதிப்புக்கு 73 தட்டுகள் தேவைப்பட்டன. பதினைந்தே மாதங்களில் மும்மடங்கு! ஒவ்வொரு தட்டாகச் செருகி எடுத்தவர்களின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். நல்ல வேளையாகத் தட்டுகள் வகைவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பிணையத் தொடர்பு வேண்டாதவர் அந்த வகைத் தட்டுகளைத் தொட வேண்டியதே இல்லை. அன்று தேவையற்றதை விலக்குவது கொள்கையன்று, கட்டாயம்.

குறுவட்டு வந்ததும் அந்தக் கட்டாயம் மறைந்தது. ஒரே வட்டில் 650 மெகாபைட் கொள்ளும் என்றால் எதை விடுவது என்று யார் யோசிக்கப் போகிறார்கள்? வழங்கல்கள் பெருத்தன.

இந்தச் சூழலில்தான் 2002 மார்ச் 11 அன்று ஆர்ச் லினக்ஸின் 0.1 பதிப்பு வெளிவந்தது. ஆக்கியவர் கனடா நாட்டு நிரலர் ஜட் வினெட். ஸ்லாக்வேர், க்ரக்ஸ் போன்ற வழங்கல்களின் கச்சிதமான அமைப்பு அவரைக் கவர்ந்தது. ஆனால் அவற்றில் ஒரு குறையையும் கண்டார். ஒரு மென்பொருள் தனியாக வருவதில்லை. அது வேறு இரண்டை நம்பியிருக்கும். அந்த இரண்டும் இன்னும் நான்கை நம்பியிருக்கும். இந்த உறவு முறையைப் பயனரே தேடித் தேடி நிறைவு செய்ய வேண்டியிருந்தது. இதைத் தானாகவே கவனித்துக்கொள்ள வினெட் ஒரு நிரல் எழுதினார். அதற்கு 'பேக்மேன்' என்று பெயர் வைத்தார். ஒரு மென்பொருளைக் கேட்டால், அதற்கு வேண்டிய உறவினர்களையும் அழைத்துக்கொண்டு வரும்; ஆனால் அழைக்காத விருந்தினர் எவரையும் கூட்டி வராது.

இங்கே 'எளிமை' என்ற சொல்லைச் சற்று ஆராய வேண்டும். ஒரு பொறி எளியது என்று சொன்னால், பயன்படுத்த எளியது என்று ஒரு பொருள். உள்ளே பாகங்கள் குறைவு, பிரித்துப் பார்த்தால் விளங்கும் என்று இன்னொரு பொருள். இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஒரு பொத்தானில் வேலை முடிய வேண்டுமானால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் யாரோ பத்து முடிவுகளை நமக்காக எடுத்து மறைத்து வைத்திருக்க வேண்டும். ஆர்ச் தேர்ந்தெடுத்தது இரண்டாவது எளிமையை. அமைப்புகள் யாவும் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருக்கும். பயனர் அவற்றைத் தாமே திறந்து எழுதிக்கொள்ள வேண்டும். முதல் எளிமையைத் தேர்ந்தெடுத்தது 2004 அக்டோபரில் வந்த உபுண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் அதன் குறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். 2011 வரை அது தொடர்ந்தது. நம் நாட்டு மாணவர் பலர் லினக்ஸை முதன்முதலில் கண்டது அந்த அஞ்சல் உறையிலிருந்துதான். அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் ஆர்ச்சுக்கு வந்தவர்களில் பலரும் உபுண்டுவின் படியேறி வந்தவர்களே.

பிறர் நமக்காக எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கும்வரை தொல்லை இல்லை. 2011 ஏப்ரலில் உபுண்டு தன் திரை அமைப்பை மாற்றி 'யூனிட்டி' என்பதைக் கொண்டுவந்தது. அதே மாதம் க்நோம் என்னும் புகழ்பெற்ற திரைச்சூழலும் தன் மூன்றாம் பதிப்பில் முகத்தை அடியோடு மாற்றிக்கொண்டது. நேற்று இருந்த இடத்தில் இன்று பட்டியல் இல்லை. 2012 அக்டோபரில், உபுண்டுப் பயனர் தம் சொந்தக் கணிப்பொறியில் ஒரு கோப்பைத் தேடினால் அமேசான் கடைப் பொருள்களும் விடைகளோடு வந்து நின்றன. அதை அணைத்து வைக்க வழி இருந்தது. இருந்தாலும் மனம் கசந்தவர் பலர். (2016-இல் வந்த பதிப்பில் அது தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டிருந்தது.) அப்போது வெளியேறியவர்களில் சிலர் வேறு ஆயத்த வழங்கல்களுக்குப் போனார்கள். வேறு சிலர், இனி என் திரையில் எது இருக்க வேண்டும் என்பதை நானே தீர்மானிப்பேன் என்று ஆர்ச்சின் பக்கம் திரும்பினார்கள்.

இவ்வாறு வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம் வேகம். இதில் பாதி உண்மைதான் உண்டு. 2002-இல் பல வழங்கல்கள் பழைய 386 செயலியிலும் இயங்கும்படி தொகுக்கப்பட்டன. ஆர்ச் அப்படியல்லாமல், 1995-இல் வந்த பென்டியம் புரோவும் அதற்குப் பிந்தியவையுமான செயலிகளுக்கென்றே தொகுக்கப்பட்டது. புதிய செயலியின் கட்டளைகளை அது பயன்படுத்த முடிந்தது. பின்னர் எல்லா வழங்கல்களும் 64 பிட் செயலிகளுக்கு மாறியபோது அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. உட்கரு ஒன்று, உலாவி ஒன்று என்றால் எங்கே நிறுவினாலும் கணக்கு ஒரே வேகத்தில்தான் நடக்கும். மிச்சமாவது நினைவகம். பின்னணியில் ஓசையின்றி இயங்கும் பணி நிரல்கள் குறைவாக இருப்பதால், சிறிய நினைவகம் கொண்ட பொறி மூச்சுத் திணறாமல் இருக்கும். பழைய பொறிக்காக வந்தேன் என்பவர்களின் காரணமும் இதுதான். ஆனால் 2017-இல் 32 பிட் பொறிகளுக்கான ஆதரவை ஆர்ச் கைவிட்டது. மிகப் பழைய பொறி வைத்திருந்தவர்கள் தன்னார்வலர்கள் தனியே நடத்தும் கிளை வழங்கலை நாட வேண்டியதாயிற்று. குறைவாக இருப்பது வேறு, பழையதற்கு இடம் கொடுப்பது வேறு என்று அவர்கள் அன்று உணர்ந்திருப்பார்கள்.

எனக்கு மிக வலுவானதாகத் தோன்றும் காரணம் வேறு. "உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்பதுதான் அது. அக்காலத்தில் வானொலிப் பெட்டியைக் கடையில் வாங்காமல், டிரான்சிஸ்டரும் மின்தேக்கியுமாக வாங்கிப் பற்றவைத்துத் தாமே இணைத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் பாட்டு சற்றுக் கரகரவென்று கேட்டாலும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆர்ச்சைக் கைப்பட நிறுவுபவர் என்னென்ன கற்கிறார் என்று பாருங்கள். முதலில் வட்டைப் பிரிக்க வேண்டும். பொறி விழித்தெழும்போது தேடும் சிறு பகுதி ஒன்று, மற்றவற்றுக்கு ஒரு பெரும் பகுதி. ஒவ்வொன்றிலும் கோப்புகளை அடுக்கும் முறையை ஏற்படுத்த வேண்டும். பிறகு அடிப்படைத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கி அந்தப் பகுதியில் எழுத வேண்டும். அடுத்தது நேரம். நம் நாட்டு நேரம் என்பது 'ஆசியா' என்ற கோப்புறையில் 'கொல்கத்தா' என்ற பெயரில் உள்ள ஒரு கோப்பு என்பதும், அதற்கு ஓர் இணைப்புக் கொடுத்தால் கடிகாரம் சரியாகிவிடும் என்பதும் அப்போதுதான் தெரியவரும். மொழிகளின் பட்டியல் ஒரு கோப்பில் இருக்கிறது. அதில் தமிழுக்கும் ஒரு வரி உண்டு. வரியின் முன்னுள்ள குறியை நீக்கினால் அது உயிர் பெறும். இருந்தும், பின்னர் உலாவியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தென்படலாம். ஏனெனில் தமிழ் எழுத்துரு எதையும் நாம் நிறுவவில்லை! நோட்டோ போன்ற எழுத்துருத் தொகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிய பிறகே கட்டங்கள் எழுத்தாகின்றன. திரையில் தமிழ் தானாக வந்துவிடுவதில்லை, யாரோ வரைந்து கோப்பாக்கி வைத்ததால்தான் வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

2019 அக்டோபரில் அடிப்படைத் தொகுப்பு இன்னும் சுருக்கப்பட்டது. உட்கருவும் அதில் அடங்காது. கோப்பைத் திருத்தும் நிரலும் அடங்காது. அவற்றையும் கேட்டே வாங்க வேண்டும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் ஒன்று இங்கே நிகழும். நிறுவும்போது கம்பியில்லா இணையம் நன்றாக வேலை செய்கிறது; அதற்கான நிரல் நிறுவு வட்டில் இருக்கிறது. அதையே தம் பொறியிலும் நிறுவ வேண்டும் என்று தோன்றாமல் பொறியை மீண்டும் முடுக்கிவிடுவார்கள். இணையம் இராது. இணையத்துக்கான நிரலை இறக்க இணையம் வேண்டும்! மறுபடியும் நிறுவு வட்டைச் செருகி முதலிலிருந்து வர வேண்டும்.

இத்தகைய இக்கட்டுகளில் கைகொடுப்பது ஆர்ச் பயனர்கள் கூடி எழுதி வரும் விக்கிக் கையேடு. வேறு வழங்கல் வைத்திருப்பவர்களும் ஐயம் வந்தால் அதைப் புரட்டுகிறார்கள். ஒரு காலத்தில் ஜென்டூ வழங்கலின் பயனர்கள் நடத்திய விக்கி இதற்கு இணையாகப் பேசப்பட்டது. 2008-இல் அதன் தரவுகள் அழிந்தன, மாற்றுப்படி இல்லை. ஆயத்த வசதிகள் இல்லாத வழங்கலுக்கு அதன் கையேடுதான் முதுகெலும்பு. கையேடு போனால் எல்லாம் போயிற்று.

புத்தம் புதிய பதிப்புகள் உடனுக்குடன் கிடைக்கின்றன என்பதும் பலர் கூறும் காரணம். ஆர்ச்சில் ஆறு மாதத்துக்கொரு பெரும் பதிப்பு என்பது இல்லை. மாற்றங்கள் நாள்தோறும் ஓடி வந்துகொண்டே இருக்கும். இதற்கொரு விலையும் உண்டு. 2012 ஜூலையில் 'லிப்' என்னும் கோப்புறையை இடம் மாற்ற நேர்ந்தது. அநேகமாக ஒவ்வொரு நிரலும் இயங்கத் தொடங்கும்போது அங்குள்ள ஏற்றி நிரலைத்தான் முதலில் தேடும். எனவே எந்த வரிசையில் மேம்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 'கட்டாயப்படுத்து' என்னும் விருப்பத்தை மட்டும் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார்கள். படித்தவர்கள் தப்பினார்கள். படிக்காதவர்கள் பேக்மேன் காட்டிய பிழைச் செய்தியைக் கண்டு பொறுமை இழந்து, கட்டாயப்படுத்தினார்கள். அதன் பின் கோப்புகளின் பெயரைப் பட்டியலிடும் மிகச் சிறு நிரல்கூட அவர்கள் பொறியில் இயங்கவில்லை. பிற்காலத்தில் அந்த விருப்பமே பேக்மேனிலிருந்து நீக்கப்பட்டது. தேர்வு எழுத வேண்டிய வாரத்தில் ஒரு மாணவரின் பொறி இவ்வாறு முடங்கினால், உள்ளே நடப்பதை அறியும் ஆவல் அவருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஆர்ச்சுக்கு வந்து, சில மாதங்களில் ஆயத்த வழங்கலுக்கே திரும்பியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நான் ஒப்பேன். கணிப்பொறி பலருக்கு வேலைக்கான கருவி. ஆராயும் பொருள் அன்று.

வாய்விட்டுச் சொல்லாத காரணமும் ஒன்று இருக்கிறது. அது பெருமை. "நான் ஆர்ச் பயன்படுத்துகிறேன்" என்று கேட்காமலே சொல்வது இணைய உலகில் ஒரு வேடிக்கைத் தொடராகவே ஆகிவிட்டது. கடினமான வாசல் வழியே வந்தவருக்கு, எளிய வாசல் வழியே வருபவரைப் பார்த்தால் இளக்காரம் தோன்றுவது இயல்பு. உண்மையில் 2012-க்கு முன் ஆர்ச்சிலும் படிப்படியாகக் கேள்வி கேட்டு நிறுவும் நிரல் இருந்தது. அதைப் பராமரிக்க ஆள் போதாமல் அந்த ஆண்டு ஜூலையில் கைவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் நீடித்த கடின வாசல் திட்டமிட்ட சோதனையன்று. ஆள் பற்றாக்குறையும் அதற்கொரு காரணம்!

2021 ஏப்ரலில் 'ஆர்ச்இன்ஸ்டால்' என்ற வழிகாட்டி நிரல் நிறுவு வட்டில் சேர்ந்தது. கேட்கும் கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும், அதுவே நிறுவிவிடும். கைப்பட நிறுவும் வழியும் அப்படியே இருக்கிறது.

2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்க விளையாட்டுக் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் இயங்குதளம் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. முடுக்கியதும் வண்ணப் படம் தோன்றுகிறது, இசை ஒலிக்கிறது, பொத்தான்கள் வழிகாட்டுகின்றன. தவறுதலாக எதையும் மாற்றிவிடாதபடி இயங்குதளத்தின் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டைத் திறக்க ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டச்சு செய்ய, முதலில் அந்தக் கருந்திரையைத் தேடித் திறக்க வேண்டும்.