ஏழு வண்டி, இரண்டாயிரம் பேர்

1419ஆம் வருஷக் கடைசியில், பொஹீமியாவின் பில்சென் நகரத்துக்கு வடக்கே நெக்மிர்ஷ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், யான் ஜிஷ்கா என்ற ஒற்றைக்கண் படைத்தலைவர் வசமாக மாட்டிக்கொண்டார். கூட இருந்தவர்கள் முந்நூறு, நானூறு பேர். சின்னக் கோட்டை ஒன்றைப் பிடிக்கப் போன இடத்தில், அரசர் தரப்புப் பிரபுவான போகுஸ்லாவ் சுமார் இரண்டாயிரம் பேரோடு எதிரே வந்து நின்றார். ஜிஷ்காவிடம் ஏழு வண்டிகள் இருந்தன. அவற்றின் மேல் சில துப்பாக்கிகள். வண்டிகளை மறைப்பாக நிறுத்திச் சுட்டு, வந்தவர்களைத் தள்ளி வைத்து, தன் ஆட்களோடு அவர் நழுவி வெளியேறிவிட்டார்.

இதை வெற்றி என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பிழைத்து வந்தார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த பதினைந்து வருஷம் ஐரோப்பாவின் பெரும்படைகளை விரட்டப்போகிற வண்டிக்கோட்டை தலைகாட்டியது அங்கேதான்.

அந்த ஆட்கள் யார், எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராக் நகரப் பாதிரியார் யான் ஹுஸ், திருச்சபையின் ஊழலைக் கண்டித்துப் பேசியவர். விசாரணைக்கு வாருங்கள், உயிருக்கு நான் பொறுப்பு என்று சிகிஸ்முண்ட் அரசர் உறுதி எழுதிக் கொடுத்தார். அதை நம்பி கான்ஸ்டன்ஸ் நகரத்துக்குப் போன ஹுஸை, 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரித்தார்கள். பொஹீமியா கொதித்தது. 1419 ஜூலையில் பிராக் நகரசபை உறுப்பினர்களை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். இரண்டரை வாரத்தில் நாட்டின் அரசரும் இறந்தார். பட்டத்துக்கு உரிமை கொண்டாடி வந்தவர் யார் என்றால், அவருடைய தம்பி, அதே சிகிஸ்முண்ட். அடுத்த வருஷம் போப், ஹுஸின் ஆதரவாளர்களான ஹுஸைட்டுகள்மேல் சிலுவைப்போர் அறிவித்தார்.

எதிரே வரப்போவது அந்தக் காலத்தின் தலைசிறந்த போர்க்கருவி: தலையிலிருந்து கால்வரை இரும்பு உடுத்திய குதிரைவீரன். சிறுவயது முதல் இதற்கென்றே வளர்க்கப்பட்டவன். அவனுடைய குதிரையும் அப்படித்தான். வெட்டவெளியில் வரிசை கட்டி ஈட்டி நீட்டிப் பாய்ந்தால் காலாட்கள் சிதறி ஓடுவார்கள். இந்தப் பக்கம் குடியானவர்கள், தச்சர்கள், கொல்லர்கள், நகரத்துக் கைவினைஞர்கள், பெயருக்குப் பிரபு என்று சொல்லிக்கொண்ட சில சில்லறை நிலக்காரர்கள். ஜிஷ்காவும் அந்தக் கடைசி ரகம். நிலத்தை இழந்து, கூலிப்படையில் சேர்ந்து, எங்கெங்கோ சண்டை போட்டு, அறுபதை நெருங்கிய வயதில் இந்தக் கலகத்துக்குள் வந்தவர்.

இவர்கள் கையில் என்ன ஆயுதத்தைக் கொடுப்பது? வாள் என்றால் பழக வருஷக்கணக்காகும். நல்ல குதிரைக்கும் கவசத்துக்கும் காசு கிடையாது. குறுக்குவில்லைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நாண் இழுத்து ஏற்ற நேரம் பிடிக்கும். துப்பாக்கி அதைவிட மோசம்.

அன்றைய துப்பாக்கியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். செக் மொழியில் பீஷ்டலா என்பார்கள். ஒரு பக்கம் அடைத்த இரும்பு அல்லது வெண்கலக் குழாய். அதன் பின்னால் மரக்கட்டை. குழாயின் மேல்பக்கம் சின்ன ஓட்டை. விசை கிடையாது, குறி பார்க்கும் அமைப்பும் கிடையாது. கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கனன்றுகொண்டிருக்கும் திரியையோ பழுக்கக் காய்ச்சிய கம்பியையோ அந்த ஓட்டையில் வைக்க வேண்டும். வெடிமருந்து நமுத்திருந்தால் புகை மட்டும் வரும். பற்றிக்கொண்டால் பெருஞ்சத்தத்தோடு ஈயக்குண்டு ஏறக்குறைய முன்பக்கமாகப் போகும். எதன்மேல் படும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது. மறுபடி மருந்து கெட்டித்து, குண்டு தள்ளி, திரியை ஊதிச் சரிபண்ணுவதற்குள் பாய்ந்து வரும் குதிரை அவன்மேல் ஏறிவிடும். இன்னொரு ரகத்தில் குழாயின் அடியில் கொக்கி இருக்கும். சுடும்போது ஏற்படும் உதையைத் தாங்க அதை எதிலாவது மாட்டிக்கொள்ள வேண்டும். மதில்சுவர் இருந்தால் மாட்டலாம். வயல்வெளியில் எதில் மாட்டுவது?

நகரங்களின் ஆயுதக்கிடங்குகளில் இந்தத் துப்பாக்கிகள் ஏற்கெனவே இருந்தன. மதிலுக்குள் ஒளிந்து சுடுவதற்கு என்று வைத்திருந்தார்கள். மதிலை விட்டு வெளியே எடுத்துப் போனால் அவற்றால் பிரயோசனம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஜிஷ்கா செய்த காரியம், மதிலையும் கூடவே எடுத்துப்போனது. என்ன ஆயுதம் எடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே நின்று அதைப் பிடிப்பது என்ற கேள்விக்கு அவர் விடை கண்டுவிட்டார். அதற்குப் பிறகு, வெட்டவெளியில் உதவாத ஒவ்வொரு ஆயுதமும் உதவ ஆரம்பித்தது.

வண்டி புதிதாகச் செய்த ஒன்றல்ல. தானியமும் வைக்கோலும் ஏற்றிய சாதாரண நாலுசக்கரக் குதிரை வண்டி. அதன் வெளிப்பக்கத்தில் கனத்த பலகையைத் தொங்கவிட்டார்கள். சக்கரங்களுக்கு நடுவே, வண்டிக்கு அடியில் இன்னொரு பலகை. அதற்குப் பின்னால் படுத்துக்கொண்டு சுடலாம். குதிரைகளை அவிழ்த்து உள்ளே கொண்டுபோய்விட்டு, ஒரு வண்டியின் சக்கரத்தை அடுத்த வண்டியின் சக்கரத்தோடு சங்கிலி போட்டுப் பிணைத்தார்கள். இடைவெளிகளில் ஆள் உயரக் கேடயங்கள். நேரமிருந்தால் முன்னால் ஒரு பள்ளம். எந்தப் போர்க்குதிரையும் சுவரின்மேல் பாயாது. சத்தமும் புகையும் பார்த்தறியாத குதிரைகள் மிரண்டு திரும்பின. இறங்கி நடந்து வந்தால் கவசத்தின் பாரம். அருகே வந்த வீரனுக்கு மேலே நின்றான் குடியானவன். தலைமுறை தலைமுறையாகக் குதிரைமேல் இருந்து கீழே பார்த்துப் பழகியவனுக்கு இது புது அனுபவமாக இருந்திருக்கும்.

அந்தக் குடியானவன் கையில் இருந்தது கதிரடிக்கும் தடி. நம் பக்கத்தில் கதிரைக் கல்லில் அடிப்போம், மாடு விட்டு மிதிப்போம். அங்கே கோதுமையையும் பார்லியையும் நீண்ட கழியின் நுனியில் தோல்வாரால் கோத்த கட்டையைச் சுழற்றி அடித்தே உதிர்ப்பார்கள். வாரை எடுத்துவிட்டு இரும்பு வளையம் போட்டு, கட்டைக்குப் பூண் கட்டி ஆணி அடித்தால் ஆயுதம் தயார். வாள்பிடிக்கத் தெரியாதவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். கை தானாகச் சுழலும். கவசத்தை வெட்ட வேண்டியதில்லை, அதன்மேல் ஓங்கி விழுந்தாலே உள்ளே இருப்பவன் எலும்பு நொறுங்கும்.

1420 மார்ச்சில் நெக்மிர்ஷ் பாடம் மறுபடி பரீட்சைக்கு வந்தது. பில்சென் நகரத்தைக் கைவிட்டுத் தெற்கே போய்க்கொண்டிருந்த ஜிஷ்காவின் கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நானூறு பேர்தான். வண்டிகள் பன்னிரண்டு. சுடோமிர்ஷ் அருகே சுமார் இரண்டாயிரம் பேர் வந்து மறித்தார்கள். தென் பொஹீமியா மீன் பண்ணைக் குளங்களுக்குப் பேர் போன பிரதேசம். ஜிஷ்கா ஒரு குளத்தின் கரையில் வண்டிகளை நிறுத்தினார். ஒரு பக்கம் தண்ணீர். இன்னொரு பக்கம் வடித்துவிட்ட குளத்தின் சேறு. எதிரிகளின் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும், ஒரே நேரத்தில் கிட்ட வர முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குதிரையை விட்டு இறங்கிச் சேற்றில் இறங்கியவர்கள் அங்கேயே திணறினார்கள். பெண்கள் தங்கள் முக்காட்டுத் துணிகளைச் சேற்றில் விரித்துப்போட்டு வீரர்களின் குதிமுட்களைச் சிக்கவைத்தார்கள் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, செக் குழந்தைகளுக்கு இன்றும் அந்தக் கதை தெரியும். பொழுது சாய்ந்தபோது அரசர் படை விலகிப் போனது. இவர்கள் தாபோர் என்ற புதிய குன்றுநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தாபோரில்தான் அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு ஒரு முறையாக மாறியது. வந்து சேர்கிறவர்கள் சொத்தைப் பொதுவில் போட்டுவிட வேண்டும் என்று விதி. கொல்லர்களும் தச்சர்களும் வண்டி செய்தார்கள். ஜிஷ்கா குடியானவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பக்கத்து ஊரில் தங்கியிருந்த அரசர் படையை விடிவதற்குள் தாக்கிப் பிடித்த குதிரைகளை வைத்து ஒரு சின்னக் குதிரைப்படையும் உண்டாக்கினார். எதிரி களைத்துத் திரும்பும் நேரம் பார்த்து வண்டிகளுக்கு நடுவே வழிவிட்டு, அந்தக் குதிரைப்படையை வெளியே ஏவுவார்.

ஒரு வண்டிக்கு ஏறக்குறைய இருபது பேர். பிற்காலத்தில் எழுதி வைத்த ஒழுங்குமுறைகளில் இப்படி வரும்: வண்டியோட்டி இருவர், குறுக்குவில்காரர் ஆறு பேர், தடிக்காரர் நால்வர், ஈட்டிக்காரர் நால்வர், கேடயக்காரர் இருவர், துப்பாக்கிக்காரர் இருவர். ஜிஷ்காவைத் துப்பாக்கி யுகத்தின் தந்தை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இருபதில் இரண்டு! மற்றவர்கள் எல்லாம் பழைய ஆயுதக்காரர்கள். துப்பாக்கி பயமுறுத்தும், வில் நின்று நிதானமாகக் கொல்லும், ஈட்டி எட்டத்தில் நிறுத்தும், தடி ஏறி வருகிறவனை முடிக்கும். இடையிடையே கூட்டத்தின் மேல் கல்குண்டு வீசும் ஹௌஃப்நிட்சே என்ற குட்டைப் பீரங்கி. இன்றைய ஹோவிட்சருக்குப் பேர் கொடுத்தது அதுதான். வண்டியில் கோடரி, மண்வெட்டி, குந்தாலி, சங்கிலி எல்லாம் இருக்கும். எறிவதற்குக் கல்லும் இருக்கும். எனக்கு அந்த மண்வெட்டிதான் பிடித்த ஆயுதம். பள்ளம் வெட்டத் தெரிந்த ஆட்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

வண்டி வரிசையை நடைபோட்டுக் கொண்டுபோய், கொடி அசைந்ததும் கோட்டையாக மடக்குவதுதான் கஷ்டமான வித்தை. ஓரத்து வரிசைகள் நீளமாக இருக்கும். முனைகளை வளைத்தால் நாற்புறமும் மூடிக்கொள்ளும். ஒரு வண்டியோட்டி தடுமாறினாலும் சுவரில் ஓட்டை. வரிசையை விட்டு ஓடினால், கட்டளையை மீறினால் மரண தண்டனை என்று ஜிஷ்காவின் 1423ஆம் வருஷ இராணுவ ஒழுங்கு சொல்கிறது. பிரபு, குடியானவன் என்ற பேதம் அதில் கிடையாது.

1421இல் ராபி கோட்டை முற்றுகையில் ஜிஷ்காவின் மிச்சமிருந்த கண்ணும் போயிற்று. அந்த வருஷம் டிசம்பரில், குட்னா ஹோரா என்ற வெள்ளிச் சுரங்க நகரத்துக்கு வெளியே, பார்வையே இல்லாத அந்தத் தளபதியைச் சிகிஸ்முண்டின் படை சுற்றி வளைத்தது. நகரத்துக்குள் இருந்தவர்களும் கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டுவிட்டார்கள். கோட்டையாக நின்றால் பட்டினிதான். இரவில் ஜிஷ்கா வண்டிகளை மறுபடி வரிசையாக்கி, நகர்ந்தபடியே சுட வைத்து, முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். தற்காப்புக்குப் பிறந்த சாதனம் அன்றைக்குத் தாக்கவும் கற்றுக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புது ஆட்களோடு திரும்பி வந்து சிகிஸ்முண்டை நாட்டைவிட்டே விரட்டினார்.

வண்டியால் அரண் கட்டுவது அவருக்கு முன்னாலும் உண்டு. 378இல் அட்ரியானோபிளில் கோத்தியர்கள் ரோமானியருக்கு எதிராக வண்டிகளை வளையமாக நிறுத்தினார்கள். ஆகவே ஆதிமூலம் ஜிஷ்கா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே வண்டியைச் சிலுவைப்போர்க்காரர்களும் காப்பியடித்தார்கள். பலகை, சங்கிலி, பீரங்கி, எதிலும் குறைவில்லை. ஆனாலும் 1431 ஆகஸ்ட் 14 அன்று டோமாஷ்லிட்சேயில் ஹுஸைட்டுகள் பாடிக்கொண்டு வரும் சத்தம் கேட்டதுமே அந்தப் படை கலைந்தது. போப்பின் பிரதிநிதியான கர்தினால் செசாரினி தன் உடைமைகளைப் போட்டுவிட்டு ஓடினார்.

ஜிஷ்கா 1424இல் நோயில் இறந்துவிட்டார். வண்டிக்கோட்டையை உடைத்தவர்கள் வெளியாட்கள் இல்லை. 1434 மே 30 அன்று லிபனியில் மிதவாத ஹுஸைட்டுகளும் கத்தோலிக்கரும் கூட்டுச்சேர்ந்து தாபோர்க்காரர்களை எதிர்த்தார்கள். தலைமை தாங்கியவர் ஜிஷ்காவோடு முன்பு தோள்சேர்ந்து நின்றவர். இரு தரப்பிலும் வண்டிகள். அந்தக் கோட்டையின் பலவீனம் அவருக்குத் தெரியும்: ஓடுகிற எதிரியைக் கண்டால் உள்ளே இருப்பவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. ஓடுவதுபோல் நடித்தார்கள். தாபோர்க்காரர்கள் சங்கிலியைக் கழற்றித் துரத்தினார்கள். மறைவில் இருந்த குதிரைப்படை திறந்த சுவர் வழியாக உள்ளே பாய்ந்தது.

வேலையிழந்த செக் வீரர்கள் கூலிக்குப் போனார்கள். ஹங்கேரியில் யானோஷ் ஹுன்யாடி அவர்களை வைத்து 1440களில் உதுமானியருக்கு எதிராக வண்டிகளை இறக்கினார். அடிபட்ட உதுமானியர் தந்திரத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1514இல் சால்திரானில் பாரசீகக் குதிரைப்படையை அதே சங்கிலி வண்டிகளுக்குப் பின்னால் நின்று முறியடித்தார்கள்.

பிறகு அது நம் பள்ளிப் புத்தகத்துக்குள் வருகிறது. 1526இல் பானிபட்டில், தன் பன்னிரண்டாயிரம் பேர் இப்ராஹிம் லோடியின் லட்சம் பேரையும் ஆயிரம் யானைகளையும் எதிர்த்தார்கள் என்பது பாபரே எழுதிய கணக்கு. எழுநூறு வண்டிகள் சேர்த்தாராம். ரூமி முறைப்படி, அதாவது உதுமானியர் வழக்கப்படி, வண்டிகளைப் பிணைக்கும்படி தன் பீரங்கித் தலைவர் உஸ்தாத் அலி குலியிடம் சொன்னார். சங்கிலிக்குப் பதில் பச்சைத்தோல் கயிறு. இரண்டு வண்டிக்கு நடுவே ஐந்தாறு தடுப்புத்தட்டிகள், அவற்றின் பின்னால் துப்பாக்கிக்காரர்கள். மறுவருஷம் கான்வாவில் ராஜபுத்திர அரசர் ராணா சாங்கா எதிர்த்து வந்தபோது வண்டி எட்டாத இடங்களில் பள்ளம் வெட்டச் சொன்னார். மரத்தில் முக்காலி செய்து, சக்கரம் பூட்டி, ஏழெட்டு அடி வைப்புக்கு ஒன்றாக நிறுத்தி, தோல் கயிற்றால் இழுத்துக் கட்டச் சொன்னார். அதைச் செய்து முடிக்க இருபது, இருபத்தைந்து நாள் ஆயிற்று.