நாலு வயலை அறுத்தால் ஊர் சராசரி தெரியுமா?

டி-டெஸ்ட் என்றாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். ஆனால் அம்பாசமுத்திரம் பக்கம் பிசான நெல் அறுக்கும்போது கிட்டத்தட்ட அதே கணக்குதான் வயலில் நடக்கிறது. கதையைக் கேளுங்கள்.

டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்தவர் வில்லியம் கோசெட். பார்லி சோதனைகளில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் நாலைந்து அளவுகள்தான். அதை வைத்து மொத்தச் சராசரியைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்? 1908-இல் விடை எழுதினார். சொந்தப் பெயரில் வெளியிட முடியாததால் 'ஸ்டூடண்ட்' என்று போட்டுக்கொண்டார். ஆக, டி-டெஸ்ட் நம்ம ஆள் கண்டுபிடித்ததுதான்!

இங்கே அப்போது விளைச்சலைக் கண்ணால் பார்த்து, ரூபாய்க்கு இத்தனை அணா என்று மதிப்பிட்டார்கள். 1923-25இல் பீகார்-ஒரிசாவில் ஹப்பாக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, குலுக்கல் போலச் சிறு துண்டுகளைத் தேர்ந்து அறுத்து எடை போட்டார். பிறகு மகலனோபிஸ் சிறு துண்டுகளே போதும் என்றார். 1940களில் சுகாத்மே அதை மறுத்தார்: துண்டு சிறிதானால் ஓரத்துப் பயிரும் உள்ளே சேர்ந்துவிடும், மகசூல் கூடுதலாகத் தெரியும். இந்தத் தவறு எத்தனை துண்டு அறுத்தாலும் போகாது.

இன்று 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிருக்குக் கிராமத்துக்குக் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனை. நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர். அது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு. தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகு!

ஒரு கற்பனைக் கணக்கு. உத்தரவாத மகசூல் துண்டுக்கு 10 கிலோ. கிடைத்தது 9, 11, 8, 10. சராசரி 9.5. திட்டப்படி 5 சதவீதம் குறைவு, அந்த அளவு இழப்பீடு உண்டு. இதையே டி-டெஸ்டில் போட்டால்? திட்டவிலக்கம் 1.29, திட்டப்பிழை 0.645, டி மதிப்பு −0.775. 5 சதவீத மட்டத்தில் −2.353-க்குக் கீழே போனால்தான் 'மகசூல் குறைந்தது' என்று சொல்லலாம். அதாவது இதே சிதறலில் சராசரி 8.48 கிலோவுக்கு இறங்க வேண்டும். 15 சதவீதம் நஷ்டப்பட்ட பிறகுதான் விவசாயியை நம்புவோம்!

திட்டம் டெஸ்ட் போடாமல் சராசரியை மட்டும் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அதே சிதறலில் சராசரி 10.5 வந்தால் ஒரு பைசா கிடையாது. அப்போதும் உண்மைச் சராசரி 10-க்குக் கீழே இருக்கலாம். தனி ஒருவர் வயல் முழுக்கச் சாய்ந்திருந்தாலும் ஊர் சராசரிதான் பேசும்.

இன்மைக் கருதுகோளை எழுதும்போது நாம் யோசிக்காத விஷயம் இதுதான்: சந்தேகத்தின் பலன் யாருக்கு? தேர்வில் அதற்கு இரண்டு மார்க். வயலில் அது ஒரு பூவின் வருமானம்.