நீர்க்கடுப்பும் மூலிகைப் பட்டியலும்: ஜவ்வாது மலை மருத்துவ வரலாற்றில் ஒரு சிக்கல்

ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடியினரின் மருத்துவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தாவரப் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய் என்னும் பட்டியலாக அமைகின்றன. நோய்க்குரிய நிரலில் ‘சிறுநீர்க் கோளாறு’ என்ற ஒற்றைத்தொடர் நின்றுவிடுகிறது. அத்தொடர் மறைப்பது மிகுதி.

சித்த மருத்துவம் நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீர்க்கட்டு, கல்லடைப்பு எனப் பிரித்துப் பெயரிட்டது. இப்பெயர்கள் பெரிதும் நோயாளி உணரும் துன்பத்தினின்று பிறந்தவை. சிறுபீளைக் குடிநீரும் நெருஞ்சில் குடிநீரும் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு வழங்குவன. ஆகவே செடியை அறிவதால் மட்டும் நோய் எதுவென விளங்காது.

காம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. வட்டாரப் பெயர்களை அது குறித்தது. மருந்தாக்கம் அதன் நோக்கமன்று. அதே ஆண்டில் பால்டிமோர் மருத்துவர் கை ஹன்னர், நாட்பட்ட சிறுநீர்ப்பை வலியுடையோரின் பைச்சுவரில் தாம் கண்ட புண்ணை விவரித்து எழுதினார். புண்ணால் வரையறுக்கப்பட்ட அந்நோயை, உணர்வால் பெயர்பெற்ற நீர்க்கடுப்போடு ஒன்றாக்குவது காலமுரண் என்பதே என் கருத்து.

ஜப்பானியக் காம்போ மருத்துவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நீர்பிரியும் வலிக்கு வழங்கும் ‘சோரெய்தோ’ ஐந்து சரக்குகளைக் கொண்டது; பழஞ்சீன மருத்துவ நூலில் வேர்கொண்டது. காம்போ மருத்துவர்க்கு உரிமம் கோரிய மசோதா 1895 இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆயினும் கலவைகள் ஏட்டில் இருந்தன. 1976 இல் அவை பெருமளவில் தேசியக் காப்பீட்டுக்குள் வந்தன. மலைவைத்தியரின் அளவும் அனுபானமும் பேச்சில் மட்டுமே வாழ்பவை. களப்பதிவின் முதல் நிரல், நோயாளி தம் வலிக்கு இடும் பெயருக்கு உரியது.