பூட்லோடரில் பின்னணிப் பணிகள்: ஆற்றோரக் கருவிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மின்னணுக் கருவிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் மென்பொருள்களுள் ஒன்று பூட்லோடர். நினைவகத்தைத் தயார்செய்து, இயங்குதளத்தை ஏற்றிவிட்டு அது விலகிக்கொள்கிறது. வழக்கமாகச் சில நொடிகளே வாழும் நிரலுக்குப் பின்னணிப் பணிகள் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. அவை தேவை, ஆனால் ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் வழியாக அன்றி, முதன்மை நிரல் தானாக இடம்விடும் முறையில்தான் ஓட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களம்

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு எனப் பிரியும் நீர் திருவாரூர் மாவட்ட வயல்களுக்குப் பாய்கிறது. ஆற்று நீர்மட்டத்தை உடனுக்குடன் திரட்டுவது, 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த தேசிய நீரியல் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அதற்காக ஆற்றோரம் வைக்கும் கருவிகள் மின்வெட்டுக்கும் குறை மின்னழுத்தத்துக்கும் நடுவே திரும்பத் திரும்பத் தொடங்கியாக வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலுக்குப் பின் முத்துப்பேட்டை, மன்னார்குடி வட்டாரங்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படியொரு நேரத்தில் கருவி உறைந்து நின்றால், ரீசெட் பொத்தானை அழுத்த அருகில் ஆள் இருக்கமாட்டார்.

அதற்காகவே கருவியின் சில்லில் வாட்ச்டாக் இருக்கிறது. குறித்த கெடுவுக்குள் மென்பொருள் சைகை தராவிட்டால் அது கருவியை மறுதொடக்கம் செய்துவிடும். முதல் ராஸ்ப்பெரி பையில் உள்ள பிசிஎம்2835 சில்லில் இந்தக் கெடு அதிகபட்சம் ஏறக்குறைய 16 நொடி. புதிய மென்பொருளைத் தொலைவிலிருந்து பெற்று, சரிபார்த்து, ஃபிளாஷில் எழுத நிமிடக்கணக்கில் ஆகலாம். அதனால் அந்த வேலை நடக்கும்போதே பூட்லோடர் இடையிடையே சைகை தந்தாக வேண்டும்.

யூ-பூட் காட்டும் வழி

வோல்ஃப்காங் டெங்க் தொடங்கிய யூ-பூட், உட்பொதி கருவிகளில் பரவலாகப் பயன்படும் திறமூல பூட்லோடர். வாட்ச்டாக்குக்குச் சைகை தரும் அழைப்புகள் முன்பு அதன் நிரல் முழுதும் சிதறிக் கிடந்தன. 2022-இல் ஸ்டெஃபான் ரோஸே ‘சைக்ளிக்’ என்ற கட்டமைப்பைச் சேர்த்தார். ஒரு செயற்கூற்றையும் அது எத்தனை மைக்ரோநொடிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்பதையும் பதிவுசெய்தால் போதும். காத்திருக்கும் இடங்களிலும் நீண்ட கணக்கீடுகளின் நடுவிலும் முதன்மை நிரல் ‘ஷெட்யூல்’ என்ற அழைப்பை விடுக்கிறது; நேரம் வந்த செயற்கூறுகள் அப்போது ஓடுகின்றன. தனி இழையோ தனி ஸ்டேக்கோ கிடையாது.

மேட்டூர் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போன்றது இது. ஒருவர் தன் முறையைத் தாண்டி மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடை காய்ந்துபோகும். எனவேதான் ஒரு செயற்கூறு 1000 மைக்ரோநொடிக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற வரம்பு தொடக்கத்தில் வைக்கப்பட்டது. வரம்பை மீறியதை முடக்கிவிடும் வழக்கம் இருந்தது. பின்னர் அது எச்சரிக்கையாக மட்டும் தளர்த்தப்பட்டது. இந்தத் தளர்வு சரியானதே. மெதுவான இணைப்பில் இருக்கும் வாட்ச்டாக்கின் செயற்கூறு ஒருமுறை தாமதித்ததற்காக முடக்கப்பட்டால், நன்றாக ஓடும் கருவியே மறுதொடக்கத்துக்கு ஆளாகும்.

இன்டரப்ட் ஏன் வேண்டாம்

டைமர் இன்டரப்ட் வைத்தால் நேரம் பிசகாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் துல்லியமே இங்கே கேடு. முதன்மை நிரல் உறைந்த பின்னும் இன்டரப்ட் தன்போக்கில் சைகை தந்துகொண்டே இருக்கும், வாட்ச்டாக் ஏமாந்துபோகும். இடம்விடும் முறையிலோ, நிரல் நின்றால் சைகையும் நின்றுவிடும். கருவி பிழைக்க அதுவே வழி.

இம்முறைக்கும் ஓட்டை உண்டு. பதில் தராத மோடத்துக்காக முடிவில்லாமல் காத்திருக்கும் சுழலுக்குள் தாமத அழைப்பு இருந்தால், அதன் வழியே ‘ஷெட்யூல்’ ஓடி, சைகையும் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு காத்திருப்புக்கும் கால வரம்பு வேண்டும். வாட்ச்டாக் செயற்கூறும் மொத்தத் தொடக்க நேர வரம்பு கடந்தபின் சைகையை நிறுத்த வேண்டும். தொடக்கம் அடுத்தடுத்துத் தோற்றால் மாற்று மென்பொருளுக்குத் தாவ, யூ-பூட்டில் உள்ள தொடக்க எண்ணிக்கை வசதியை உடன் சேர்க்கலாம்.

இன்னொன்று: கட்டுப்பாட்டை இயங்குதளத்திடம் ஒப்படைத்ததும் பூட்லோடரின் பின்னணிப் பணிகள் மறைந்துவிடும், வாட்ச்டாக் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இயங்குதளம் அதைப் பொறுப்பேற்கும் வரையான இடைவெளியைக் கணக்கிட்டே கெடுவை நிர்ணயிக்க வேண்டும்.

முடிவுரை

பூட்லோடரின் பின்னணிப் பணி குறுகியதாக, அளக்கப்படுவதாக, முதன்மை நிரலின் உயிரோடு பிணைந்ததாக இருக்க வேண்டும். ஆற்றோரக் கருவிகளை வாங்கும் துறைகள் உணரியின் துல்லியத்தோடு நின்றுவிடாமல், புதுப்பித்தலின் நடுவே மின்சாரத்தைத் துண்டித்தும் இணைப்பை உறையவைத்தும் பார்க்கும் சோதனையை ஒப்பந்த விதியாகவே சேர்க்க வேண்டும்.