தவக்காலத்தில் விசுவாசத்தை ஆழப்படுத்தும் படைப்புப் பணி: கட்சால் தீவின் பின்னணியில் ஒரு பார்வை

கிறிஸ்தவர்களின் தவக்காலம் என்றவுடன் உபவாசம், ஜெபம், தானம் ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. எனினும் பாடுதல், மொழிபெயர்த்தல், ஓலை பின்னுதல், நாடகம் நடித்தல் போன்ற படைப்புப் பணிகளும் விசுவாசத்தை ஆழப்படுத்தும் வழிகளாக நெடுங்காலமாக இருந்து வருகின்றன. கட்சால் தீவை உள்ளடக்கிய நிகோபார் தீவுக்கூட்டத்தின் வரலாறு இதற்குச் சான்றாக அமைகிறது.

40 நாட்கள்

சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக, 40 நாட்கள் தவக்காலமாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. சீர்திருத்த சபையினர் இதனை லெந்து நாட்கள் என்பர். 2026-ஆம் ஆண்டில் சாம்பல் புதன் பிப்ரவரி 18 அன்றும், ஈஸ்டர் ஏப்ரல் 5 அன்றும் வருகின்றன.

குருத்தோலை ஞாயிறன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் தென்னங்குருத்தைச் சிலுவையாகப் பின்னி வீடுகளில் வைப்பது வழக்கம். அந்த ஓலைகளை எரித்துப் பெறும் சாம்பலே மறு ஆண்டு சாம்பல் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது.

தமிழ் ஆசிரியரும் நிகோபாரி மாணவரும்

1890-களில் சென்னையிலிருந்து கார் நிகோபாருக்குச் சென்ற வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார், அங்கு பள்ளி நடத்தினார். அவரிடம் பயின்ற நிகோபாரிச் சிறுவனே பின்னாளில் பேராயரான ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் கல்வி கற்றுத் திரும்பிய அவர், எழுத்து வடிவம் இல்லாதிருந்த தம் தாய்மொழியில், ரோமன் எழுத்துகளைக் கொண்டு புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1952-இல் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்ட அவருக்கு, 1975-இல் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

ஆட்டு மந்தை, திராட்சைக் கொடி, கோதுமை மணி ஆகியவற்றைக் கொண்டு சொல்லப்பட்ட உவமைகளை, தென்னையும் பன்றியும் தோணியுமே வாழ்வாதாரமான மக்களின் பேச்சில் சொல்ல வேண்டியிருந்தது. பொருளை முழுமையாக உள்வாங்காமல் அதற்கான சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலாது. மொழிபெயர்ப்புப் பணியே தியானமாக மாறுவது இவ்விடத்தில்தான்.

இலங்கையில் பாடலும் நாடகமும்

கட்சாலில் நிகோபாரி மக்களுடன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அந்த இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்கர்களிடையே தவக்காலப் படைப்பு மரபு வலுவாக உள்ளது. கோவாவில் பிறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய வியாகுல பிரசங்கம், ஒப்பாரியை ஒத்த இராகத்தில் இன்றும் பாடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட திருமறைக் கலாமன்றம், உள்நாட்டுப் போர்க் காலத்திலும் இயேசுவின் பாடுகளை நாடகமாக மேடையேற்றியது.

இத்தகைய நாடகத்தில் பேதுருவாக நடிப்பவர், "அந்த மனிதனை அறியேன்" என்ற பொருள்படும் சொற்களைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். ஆலயத்தில் அமர்ந்து கேட்கும்போது அது பிறருடைய தவறு. மேடையில் நின்று சொல்லும்போது அது தம்மை நோக்கிய கேள்வியாகிறது.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தாக்கிய சுனாமியில் மிகக் கடுமையான உயிரிழப்பைச் சந்தித்த தீவுகளுள் கட்சாலும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் 5 ஆயிரத்தைக் கடந்திருந்த அதன் மக்கள்தொகை, 2011-இல் 2,685 ஆகக் குறைந்தது. நிகோபார் தீவுகளின் கடலோரக் கிராமங்களும் ஆலயங்களும் அழிந்தன. கட்டடங்களை மீண்டும் எழுப்பலாம். ஆனால் மூத்தோர் மறையும்போது, அவர்கள் நினைவில் மட்டும் வாழ்ந்த பாடல்களும் சொற்களும் அவர்களுடனேயே போய்விடுகின்றன.

ரிச்சர்ட்சனின் மொழிபெயர்ப்பு கார் நிகோபாரி மொழியில் அமைந்தது. கட்சாலில் பேசப்படுவதோ அதிலிருந்து வேறுபட்ட மத்திய நிகோபாரி மொழி. எனவே, அங்குள்ள ஒருவர் இந்த 40 நாட்களில் ஒரு ஜெபத்தையோ பாடலையோ தம் பேச்சு மொழியில் எழுதி வைத்தால், அது அவருடைய விசுவாசத்தை ஆழப்படுத்துவதுடன், குறைந்த எண்ணிக்கையிலான மக்கள் பேசும் ஒரு மொழியைக் காக்கும் பணியாகவும் அமையும் என்பது குறிப்பிடத்தக்கது.