மலாக்காவில் நில உடைமையும் நிலச் சட்டமும்

மலாக்கா மாநிலத்தில் நில உடைமை என்பது ஒரு நிலத்தின் மீது ஒருவருக்குள்ள, அரசின் பதிவேட்டில் ஏறிய உரிமையைக் குறிக்கும். மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட பொருளாயினும், தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமே இவ்வுரிமையின் தோற்றம், மாற்றம், முடிவு ஆகியவற்றை வகுக்கிறது. ஓரிடத்தில் எத்தனை ஆண்டு குடியிருந்தார், எவ்வளவு உழைத்தார் என்பதை விட, பதிவேட்டில் யார் பெயர் உள்ளது என்பதையே இச்சட்டம் முதலில் கேட்கிறது. ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் நிலமற்றவர்களாக நின்ற தமிழர்களின் நிலையைப் புரிந்துகொள்ள இந்த அடிப்படையை அறிவது இன்றியமையாதது.

வரலாறு

மலாய் மரபில், காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவருக்கு, அவர் பயிரிடும் காலம் வரை அந்நிலம் உரியது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆட்சியாளருக்குச் செலுத்த வேண்டும். நெல்வயலை மூன்று ஆண்டுகள் தரிசாக விட்டால் உரிமை அற்றுப்போகும். இம்மரபை 1870ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் விளக்கிக் கூறினார். டச்சுக்காரர்கள் பெரும்பரப்புகளைத் தனியாருக்கு வழங்கி, பத்தில் ஒரு பங்கை வசூலிக்கும் உரிமையையும் அவர்களிடமே விட்டிருந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர் அப்பங்கை மலாக்காவின் உட்பகுதியான நானிங்கின் மக்களிடமும் கேட்டது, 1831–32இல் நடந்த நானிங் போருக்கு முக்கியக் காரணமாயிற்று.

தமிழரின் பழைய நில உடைமைக்கும் மலாக்காவில் சான்று உண்டு. டச்சு ஆட்சியில் மலாக்கா செட்டி சமூகத்துக்குக் கிடைத்த நிலத்தில் 1781ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், ஜாலான் துக்காங் எமாஸில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அச்சமூகத்தின் குடியிருப்பான கம்போங் செட்டி காஜா பெராங்கில் அமைந்திருக்கிறது.

பத்திர முறையும் பதிவேட்டு முறையும்

ஆங்கிலேய ஆட்சியில் மலாக்காவிலும் பினாங்கிலும், இன்றைய தமிழ்நாட்டைப் போலவே, பத்திர முறை வழங்கியது. அம்முறையில் விற்பவரின் உரிமையை அறிய அவருக்கு முந்தையவர், அவருக்கும் முந்தையவர் என மூலப்பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்துச் செல்ல வேண்டும். மலாய் மாநிலங்களிலோ, ராபர்ட் டோரன்ஸ் 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்த பதிவேட்டு முறை பின்பற்றப்பட்டது. இதில் அரசு பராமரிக்கும் பதிவேடே உரிமைக்கு இறுதிச் சான்று. 1963ஆம் ஆண்டின் பினாங்கு–மலாக்கா நில உரிமைச் சட்டம் இவ்விரு மாநிலங்களின் பத்திரங்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவர வழிசெய்தது. அச்சட்டமும் தேசிய நிலச் சட்டமும் 1966 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தன.

கெரான்

உரிமையாளரிடம் தரப்படும் நிலப்பட்டாவை மக்கள் கெரான் என்பர். முக்கிம் என்னும் வட்டாரப் பிரிவு, லாட் எண், பரப்பளவு, ஆண்டு நிலவரி ஆகியவற்றோடு, நிலம் விவசாயத்துக்கா, கட்டடத்துக்கா, தொழில்துறைக்கா என்ற வகையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் நிபந்தனையும், மாநில அரசின் ஒப்புதலின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பது போன்ற தடையும் அதிலேயே எழுதப்படுவதால், வாங்குபவர் விலையைப் பேசும் முன் இவ்விரு பகுதிகளையும் படிக்க வேண்டும். கால வரம்பற்ற உரிமை ஒருவகை. அதிகபட்சம் 99 ஆண்டுகளுக்கு அரசு தரும் குத்தகை மற்றொருவகை. குத்தகைக் காலம் முடிந்தால் நிலம் மாநில அரசிடம் திரும்பும். நிலவரி செலுத்தாதவருக்கு 6ஏ படிவத்தில் அறிவிப்பு வரும். அதில் குறித்த மூன்று மாதங்களுக்குள் பாக்கியைக் கட்டாவிடில் நிலம் பறிமுதலாகலாம்.

மாற்றமும் பாதுகாப்பும்

விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பணம் கொடுத்ததாலேயே நிலம் கைமாறுவதில்லை; 14ஏ படிவம் நில அலுவலகத்தில் பதிவான பிறகே வாங்கியவர் சட்டப்படி உரிமையாளராகிறார். வங்கிக் கடனுக்கான அடமானம் 16ஏ படிவத்தில் பதிவாகும். மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத வாடகை ஏற்பாட்டுக்கு மட்டும் பதிவு தேவையில்லை. பணம் கட்டியும் பெயர் மாறாத இடைக்காலத்தில், வேறு யாருக்கும் நிலம் மாறாமல் தடுக்கப் பதிவேட்டில் கேவியட் என்னும் தடைக்குறிப்பை ஏற்றலாம். தனியார் கேவியட் ஆறு ஆண்டுகள் செல்லும்.

பதிவான உரிமை பொதுவாக அசைக்க முடியாதது. ஆயினும் மோசடி, போலிக் கையெழுத்து போன்றவற்றால் பெற்ற பதிவு நீக்கத்தக்கது. போலிப் பத்திரத்தை அறியாமல் வாங்கியவருக்கே நிலம் உரியது என்று 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், 2010 ஜனவரி 21 அன்று அந்நிலையைக் கைவிட்டது. நல்லெண்ணத்தோடு வாங்கியவரே ஆனாலும் போலிப் பத்திரத்தின் வழி நேரடியாகப் பெற்ற உரிமையை நீக்கலாம் என்றும், அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கும் அடுத்தவருக்கே பாதுகாப்பு உண்டு என்றும் அது விளக்கியது.

மரபு நிலம்

எம்.சி.எல். என்னும் குறிப்புடைய மலாக்கா மரபு நிலம் தனி வகையைச் சேர்ந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மலாக்காவில் நிலையாக வாழும் மலாய்க்காரருக்கோ, அதற்கெனத் தகுதிச் சான்று பெற்றவருக்கோ மட்டுமே இந்நிலத்தை மாற்ற முடியும். எனவே கம்பத்துப் பக்கம் நிலம் தேடும் தமிழர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இக்குறிப்பையே.

தோட்ட நிலம்

1896ஆம் ஆண்டில் தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய ரப்பர்ப் பயிரே மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுகிறது. அதைத் தொடர்ந்து ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் விரிந்த தோட்டங்களின் கெரான் கம்பெனிகளின் பெயரில் இருந்தது. பால்மரம் வெட்டிய தமிழரோ லயத்து வீடுகளில் வேலையை ஒட்டிய அனுமதியின் பேரில் குடியிருந்தனர். வேலை முடிந்தால் அவ்வனுமதியும் முடியும். நிலத்தோடு இணைந்த அனைத்தும் நிலத்தின் பகுதி என்பது சட்டம் என்பதால், லயத்தின் பின்புறம் தொழிலாளி தன் செலவில் கட்டிய அடுப்படியும், முற்றத்தில் அவர் நட்ட தென்னையும் கூட நில உரிமையாளருக்கே உரியனவாகக் கொள்ளப்படும்.

இந்தியாவில் ஒருவர் தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் எதிர்ப்பின்றித் தன்னதாகவே அனுபவித்திருந்தால் அனுபவ பாத்தியதை கோரலாம். மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 48, 341ஆம் பிரிவுகள் அரசு நிலத்திலும் தனியார் நிலத்திலும் அவ்வழியை அடைத்துவிட்டன. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் தரத்தை வலியுறுத்துகிறதே அன்றி உடைமையைத் தருவதில்லை. தோட்டத்துக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் கம்பெனி நிலத்திலேயே நிற்குமாயின், தோட்டம் விற்கப்படும்போது அவற்றின் நிலையும் கேள்விக்குள்ளாகிறது. அவற்றுக்கான பகுதியைத் தனி லாட்டாகப் பிரித்து, அறங்காவலர் பெயரிலோ அரசின் பெயரிலோ பதிவு செய்வதே உறுதியான பாதுகாப்பு.

1950களில் தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல், ஆயிரக்கணக்கானோரின் வேலையையும் வீட்டையும் ஒருசேரப் பறித்தது. இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது; உறுப்பினர்கள் பங்குதாரர்களாயினர், நிலம் சங்கத்தின் பெயரில் பதிவாயிற்று. பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவருக்கோ பலருக்கோ விற்க மாநிலத்தின் தோட்ட நில வாரியம் ஒப்புதல் தர வேண்டும்.

வாரிசுரிமை

உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதாரின் சொத்து 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி பிரியும். மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகிய மூவகையினரும் இருப்பின் முறையே நான்கில் ஒரு பங்கும், நான்கில் ஒரு பங்கும், பாதியும் சேரும். பெற்றோர் இல்லையெனில் துணைக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது பிள்ளைகளுக்கும் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு இதில் இல்லை. சட்டம் வரையறுத்த மதிப்புக்கு உட்பட்ட சொத்துகளுக்கு நீதிமன்றம் செல்லாமல் மாவட்ட நில அலுவலகத்திலேயே மனுச் செய்யலாம். தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமிப்பைக் கொட்டி வாங்கிய மலிவுவிலை வீடு இறந்த தந்தையின் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்குமானால், பிள்ளைகளால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. அடுத்த தலைமுறையில் பங்குதாரர் பெருகிச் சிக்கல் முற்றும். ஆதலால் இறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடன் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்வது, அரும்பாடுபட்டுப் பெற்ற உடைமையைக் காக்க ஒவ்வொரு குடும்பமும் செய்தாக வேண்டிய கடமையாகும்.